சுத்தியல் இல்லாமல் அடிக்கும் பஞ்ச்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை, எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் அப்பனும் மகனும் போட்ட சத்தம் என் வீட்டு வாசல்வரை கேட்டது. மகன் பட்டணத்தில் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் வெல்டிங் படிக்கின்றவன். அம்மா காய்கறிக் கூடையை வைத்துக்கொண்டு போக, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தாங்கி செய்துகொடுக்கிறேன் என்று கிளம்பியிருக்கிறான். தகப்பனார் சம்பளப் பணத்தில் ஆங்கல் இரும்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். போட்ட 4 துளைகளில் 2 துளைகள் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டன. போல்ட் நுழையவில்லை.

“இரும்பு என்ன மரத்திலயா காய்க்குது? நீங்களே கேளுங்க வாத்தியாரே!” என்றார் தகப்பனார்.

“சார், ஆட்டோமேட்டிக் பஞ்ச் ஒண்ணு இருந்தா இப்படி ஆயிருக்காது. அப்பா வாங்கித் தரமாட்டேங்கிறாரு” என்றான் மகன்.

“ஒரு ஆணியும் சுத்தியலும் போதாதா? எங்க காலத்துல அதுலதான் எல்லாம் செஞ்சோம்.”

பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. அன்று அவர்களிடம் சொன்னதையும், பிறகு மூவரும் சேர்ந்து கண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே வழக்கு வேறு பல லயங்களிலும் நடந்துகொண்டிருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில், துளை ஏன் தள்ளிப் போகிறது? டிரில் இயந்திரத்தில் மாட்டும் துளை ஊசியின் நுனி, தையல் ஊசியைப் போலக் கூர்மையானது என்று பலரும் நினைக்கிறார்கள். உற்றுப் பாருங்கள். சாதாரண ஊசியின் நுனி 118 பாகை விரிவுள்ள மழுங்கிய கூம்பு. அதன் நட்டநடுவில் குட்டியாக ஒரு விளிம்பு உண்டு. அது இரும்பை வெட்டுவதில்லை. நெருக்கித் தள்ளத்தான் செய்யும். ஆகவே வழவழப்பான இரும்பின் மேல் வைத்ததும் ஊசி ஆடி, நழுவி, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கிவிடுகிறது. இறங்குவதற்கு ஒரு சிறு குழியை நாம் முன்னதாகவே செய்து வைத்தால் அது அங்கேயே நிற்கும். பால்மரத்தில் புதுப் பட்டை திறக்குமுன் தகர அச்சை வைத்துக் கோடு கீறுகிறோம் அல்லவா? அதே கதைதான்.

அந்தக் குழியை ஆணியால் செய்யலாமா? ஒருமுறை செய்யலாம். ஆணி மெதுவான இரும்பு. நாலாவது அடியில் அதன் முனை மழுங்கிவிடும், பிறகு குழி எங்கோ விழும். சென்டர் பஞ்ச் என்பது பதமேற்றிய எஃகு. அதிலும் இரண்டு வகை உண்டு. முனை 60 பாகையாக ஒடுங்கியிருப்பது இடத்தைக் குறிக்க. 90 பாகையாக அகன்றிருப்பது துளை ஊசி உட்காரும் குழியைச் செய்ய. நம் பையன் இந்த இரண்டில் எதையும் தொடவில்லை. பேனாவால் புள்ளி வைத்து நேரே துளைத்திருக்கிறான்! ஆக, தப்பு பஞ்ச் இல்லாததால் வந்ததன்று, அவசரத்தால் வந்தது. இதைச் சொன்னதும் தகப்பனார் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. என் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் ஒரு தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்தவர். நான் அப்போது நான்காம் ஆண்டு மாணவன். பட்டறையிலிருந்த பஞ்சின் தலை பல வருடங்கள் அடிவாங்கிக் காளானைப் போல விரிந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. அதை யாரும் சாணைக்கல்லில் தேய்த்துச் சரிசெய்யவில்லை. கண்ணாடியும் யாரும் கொடுக்கவில்லை. ஒரு நாள் அடித்த அடியில் அந்த ஓரத்திலிருந்து அரிசி மணியளவு எஃகுத் துண்டு தெறித்து அவர் வலது கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், பார்வை திரும்பவில்லை. ஆகவே பெற்றோர்களே, வீட்டில் பழைய பஞ்சோ உளியோ இருந்தால் அதன் தலையை இன்றைக்கே பாருங்கள். விரிந்திருந்தால் தேய்க்காமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

தானியங்கி பஞ்சில் இந்த ஆபத்து இல்லை. காரணம், அதைச் சுத்தியலால் அடிப்பதே கிடையாது. பேனாவைவிடச் சற்றுத் தடித்த உருளை. முனையை இரும்பின் மேல் வைத்துக் கையால் அழுத்தினால், உள்ளேயிருந்தே ‘டக்’கென்று ஓர் அடி விழும். மகன் கேட்டான் என்பதற்காக நான் வைத்திருந்த பழையதைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே இரண்டு ஸ்பிரிங்குகள், நடுவே ஒரு சிறு எஃகுக் கட்டை. அந்தக் கட்டைதான் சுத்தியல். அதன் அடியில் ஒரு துளை. முனையைத் தாங்கும் கம்பி அந்தத் துளைக்கு நேராக நில்லாமல் கொஞ்சம் விலகி நிற்கும். நாம் அழுத்த அழுத்த, கம்பி கட்டையை மேலே தள்ளும். பெரிய ஸ்பிரிங் சுருங்கும். உடலின் உட்புறம் குறுகும் இடம் வந்ததும் கம்பியும் துளையும் நேராகிவிட, பிடி விட்டுக் கட்டை கீழே பாய்ந்து அடிக்கிறது. கையை எடுத்தால் சின்ன ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். எலிப்பொறியின் தத்துவம் என்றார் தகப்பனார். ஏறக்குறைய அதுதான்.

ஒரு கை சும்மா இருப்பதால் மற்றக் கையால் இரும்பைப் பிடித்துக்கொள்ளலாம். ஏணியில் நின்று வேலை செய்கின்றவனுக்கு இது பெரிய உதவி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதை என் சொந்த நட்டத்திலிருந்து சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது 12 வெள்ளி. பத்துக் குழியில் முனை தட்டையாகிவிட்டது. சாணைக்கல்லில் வைத்து ஒரேயடியாகத் தேய்த்தேன்; முனை நீலம் பாய்ந்து, இருந்த பதமும் போயிற்று. அது என் பிழை. கொஞ்சம் தேய்த்து, தண்ணீரில் நனைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆத்தல் என்ற ஊரில் 1880-இல் தொடங்கிய ஸ்டாரெட் கம்பெனியின் பஞ்சைப் பட்டறைக்காரர்கள் புகழ்வார்கள். புகழுக்குத் தக்க விலையும் உண்டு; படிக்கின்ற பிள்ளைக்கு அது தேவையில்லை. நடுத்தர விலையில் வாங்கலாம். ஆனால் கடைக் கண்ணாடி மேசையின் மேல் உருட்டிப் பாருங்கள். முனை ஆடினால் வேண்டாம். பலகைத் துண்டில் பத்துமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் அடிக்க வேண்டும். தலைமூடியைத் திருகி அடியின் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா, முனை தனியே கழன்று மாற்று முனை கிடைக்கிறதா என்று கேளுங்கள். முனை மாற்ற முடியாததை நான் இனாமாகக்கூட வாங்கமாட்டேன்.

வேலை செய்யும் முறையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் பழகினோம். மூலைமட்டத்தை வைத்துக் கீறும் ஊசியால் இரண்டு கோடுகள். பஞ்சின் முனையை ஒரு கோட்டின் பள்ளத்தில் மெல்ல இழுத்து வந்தால், கோடுகள் சந்திக்கும் இடத்தில் முனை தட்டுப்படுவது விரலுக்கே தெரியும். கண்ணைவிட விரல் நம்பகமானது. அங்கே செங்குத்தாக நிறுத்தி, முதலில் பலம் குறைத்து ஒரு குத்து. சரியாக விழுந்ததா பார்த்து, பலம் கூட்டி இன்னொரு குத்து. மெல்லிய தகரமானால் அடியில் பலகை வைத்து, பலத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகரம் குழிந்து போகும். அரம், பேரிங், ஸ்பிரிங் பட்டை போன்ற பதமேறிய எஃகில் வைத்தால் உடைவது பஞ்சின் முனைதான். கண்ணாடி அணிவதை இங்கேயும் விடக்கூடாது.

இன்னொன்று. காரின் பக்கக் கண்ணாடியில் இதை வைத்து அழுத்தினால் கண்ணாடி முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மீட்புப் படையினர் அதற்காகவே இப்படிப்பட்ட கருவியை வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெரிய கிராணியின் காருக்கு நான் பொறுப்பல்ல!

தகப்பனார் பக்கமும் நியாயம் இருந்தது. தானியங்கி பஞ்சின் குழி ஆழமில்லாதது. 10 மில்லிமீட்டர் துளைக்கு அது போதாது. 90 பாகைச் சாதாரண பஞ்சை அதே குழியில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி போட்டு, சின்ன ஊசியால் துளைத்துவிட்டுத்தான் பெரிய ஊசியைப் போட வேண்டும். எனவே முதலில் சாதாரண பஞ்ச் ஒன்று, கண்ணாடி ஒன்று. மிச்சத்தில் தானியங்கி என்று தீர்ப்புச் சொன்னேன். சம்பளம் போட்ட வாரம் மூன்றும் வீட்டுக்கு வந்துவிட்டன.

தப்பிய 2 துளைகளையும் பையன் வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி கோடு கீறினான். குத்தும்போது தகப்பனார் அவன் கையைப் பிடித்து, “இரு, நான் ஒண்ணு போடுறேன்” என்று வாங்கிக்கொண்டார். 4 போல்ட்டுகளும் விரலாலேயே நுழைந்தன. காய்கறிக் கூடை மறுநாள் காலையில் தாங்கியில் ஏறியது. பஞ்சுக்கு எண்ணெய் போட்டு, பழைய பால்மாவு டின்னில் எடுத்து வைப்பது இப்போது அப்பாவின் வேலையாகிவிட்டது.