ஏரில் பூட்டினால்தான் இனம் நிற்கும்

விவசாயப் பத்திரிகையில ஓவியத்துக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. உழவு மாடு வச்சிருக்கிறவங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது.

1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. காந்தி கேட்டுக்கொண்டபடி, வங்க ஓவியர் நந்தலால் போஸ் அதற்குப் படங்கள் வரைந்தார். ஏர் உழுபவர், தச்சர், மேளம் அடிப்பவர் என்று கிராமத்து ஆட்களையே வரைந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி மாட்டி வைத்தார்.

இங்கிலாந்தில் அதற்கு நூறு வருஷம் முன்பே உழைக்கிற குதிரைகளை வரைந்திருக்கிறார்கள். அங்கே ஏருக்கும் வண்டிக்கும் குதிரைதான். ஜான் கான்ஸ்டபிள், மாவு மில்காரர் மகன். 1821இல் அவர் வரைந்த 'தி ஹே வெயின்' படத்தில், மூன்று குதிரை பூட்டிய வண்டி ஆற்றுத் தண்ணீரில் நிற்கும். கோடையில் மரச்சக்கரம் காய்ந்து இரும்புப் பட்டை கழலாமலிருக்க நாமும் வண்டியைத் தண்ணீரில் இறக்குவோம் இல்லையா? வண்டி ஓட்டினவங்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியாது.

அவர் பிறந்த சஃபோக் பகுதியின் உழவுக் குதிரை இனம் சஃபோக் பஞ்ச். டிராக்டர் வந்ததும் அதற்கு வேலை போனது. 1966இல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது. படம் லண்டன் தேசியக் காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. குதிரை இனமோ அழிவின் விளிம்புவரை போய், விடாமல் வளர்த்த சிலரால்தான் தப்பித்தது. இன்றும் அது அரிய இனம்தான்.

நம்ம கதைக்கு வருவோம். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசன வயலில் சேடை ஓட்ட இப்போது டிராக்டரைத்தான் கூப்பிடுகிறோம். பஞ்சகவ்யத்துக்காக நாட்டுப்பசு வளர்க்கிறோம், நல்ல விஷயம். அதே பசு காளைக்கன்று போட்டால் சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். பசுவை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தை எப்படிக் காப்பது? காங்கேயமும் உம்பளச்சேரியும் உழைப்புக்காகவே பேர் வாங்கிய மாடுகள்.

இன்னொன்று, பழகின மாட்டோடு பூட்டித்தான் புது மாட்டுக்கு உழவு பழக்குவோம். ஊரில் கடைசி ஜோடியும் விலைபோனால், அடுத்த கன்றுக்குச் சொல்லிக்கொடுக்க மாடும் இருக்காது. நுகத்தடி பூட்டத் தெரிந்த ஆளும் இருக்கமாட்டார்.

எல்லோரும் ஜோடி மாடு வாங்குங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் உழவு மாடு வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். பரம்படிக்க, எரு ஏற்ற, கடலைக்கொல்லை உழ அவரைக் கூப்பிடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அடுத்த காளைக்கன்றை விற்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.