பெட்ரோமாக்சுக்கும் எல்.இ.டி.க்கும் என்ன உறவு?

மஃரிபு வேளையில் தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள். கடைகளிலும் தெருக்களிலும் எல்.இ.டி. விளக்குகளின் வெண்மை நிறைந்திருக்கும். முன்பு நம் திருமண ஊர்வலங்களில் தலையில் சுமந்து வரப்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்விரண்டு விளக்குகளுக்கும் ஓர் உறவு உண்டு என்பதை அறிவீர்களா? அவ்வுறவின் பெயர் சீரியம். அருமண் தனிமங்களுள் அதுவும் ஒன்று.

ஆஸ்திரிய நாட்டு வேதியியல் அறிஞர் வெல்ஸ்பாக் 1891ஆம் ஆண்டில் உருவாக்கிய மாண்டிலில் தோரியம் ஆக்சைடு 99 பங்கும், சீரியம் ஆக்சைடு 1 பங்கும் இருந்தன. இவ்விரு தனிமங்களும் மோனசைட் கனிமத்தில் உள்ளன. அக்கனிமத்தை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் கண்டறிந்தார். இன்றைய குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் அது. அங்கிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புத் தந்தது!

இனி எல்.இ.டி.க்கு வருவோம். அதன் உள்ளிருக்கும் சில்லு உமிழ்வது நீல ஒளியே. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகவே அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். சில்லின்மேல் மஞ்சள் நிறப் பொடி பூசப்படுகிறது. யிட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த படிகத்தில் மிகச் சிறிதளவு சீரியம் கலந்த பொடி அது. நீல ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக வெளியிடுகிறது. எஞ்சிய நீலமும் மஞ்சளும் கூட, கண்ணுக்கு வெண்மை தோன்றுகிறது.

ஆனால் இவ்வெண்மையில் சிவப்பு குறைவு. குரோம்பேட்டைக் கடையில் கண்ட சேலையின் நிறம் வீட்டில் வேறாகத் தெரிவதற்கு விளக்கும் ஒரு காரணமாகலாம். இக்குறையை நீக்க யூரோப்பியம் கலந்த சிவப்புப் பொடியையும் சேர்க்கின்றனர். ஆகவே விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியின்மீதுள்ள எண்ணையும் படியுங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் தூக்கலான வெண்மை. 3000 என்றால் இளமஞ்சள். படுக்கையறைக்குப் பின்னதே இதமானது. சி.ஆர்.ஐ. எண் 80க்கு மேலிருந்தால் நிறங்கள் ஓரளவு இயல்பாய்த் தெரியும். 90 என்றால் இன்னும் நன்று. பழைய குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. குழந்தைகள் நடமாடும் தெருவில் அவற்றை உடைத்துப் போடாதீர்கள்.

இன்னுமொன்றையும் எண்ணிப் பாருங்கள். குமரிக் கடலோரத்தில் கனிம மணல் அள்ளுவதை, கரை அரிக்கும், கதிரியக்கம் பரவும் என்றஞ்சி மீனவர் பலர் எதிர்த்து வருகின்றனர். ஒளி தரும் பொருளும் எங்கோ ஒரு மண்ணைத் தோண்டியே வருகிறது. ஆளில்லாத அறையின் விளக்கை அணைப்பது மின் கட்டணத்துக்காக மட்டுமன்று.