காதுகளைக் கவனிக்கும் சிகிச்சை

மன அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு உள்ளவர்களைக் குதிரைகளோடு பழகவிட்டு, மனநல நிபுணர் ஒருவரும் குதிரைகளை நன்கறிந்த பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து நடத்துவது குதிரைத் துணைச் சிகிச்சை. அமெரிக்காவில் இதை நாடி வருபவர்களில் முன்னாள் படைவீரர்கள் முக்கியமானவர்கள். தீயணைப்பு வீரர்களுக்கும் காவலர்களுக்கும் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும்கூடச் சில பண்ணைகள் இதை நடத்துகின்றன.

குதிரை முதலில் உடல் மருத்துவத்துக்குள்தான் நுழைந்தது. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். சேணத்தில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். அப்படிப்பட்டவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஊனமுற்றோருக்கான குதிரையேற்றம் பரவ அந்த வெற்றி பெரிய தூண்டுதல். 1969-இல் வட அமெரிக்காவில் அதற்கென ஒரு சங்கமே உருவானது. மனநலத்துக்கான பயிற்சி பின்னால் வந்தது. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஈகாலா’ அமைப்பின் முறையில் யாரும் குதிரை மேல் ஏறுவதில்லை. எல்லாம் தரையில் நின்றபடியேதான்.

நாய் இருக்க, பூனை இருக்கக் குதிரை எதற்கு? விடை அதன் உடலமைப்பில் இருக்கிறது. குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாகாமல் தப்பிப் பிழைத்த இனம். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். காதுகள் தனித்தனியே திரும்பி ஒலி வரும் திசையைத் தேடும். சந்தேகம் வந்தால் முதலில் ஓட்டம், பிறகுதான் விசாரணை. உணவகத்தில் சுவரோரம் முதுகைச் சாய்த்து, வாசலையே பார்த்தபடி உட்காரும் முன்னாள் வீரருக்கு இந்த விழிப்பு அந்நியமல்ல. ஒரு வேறுபாடு உண்டு. பறந்து வந்த பிளாஸ்டிக் பையைக் கண்டு மிரண்ட குதிரை, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் சற்று நேரத்தில் குனிந்து புல் மேயத் தொடங்கிவிடும். வீரரின் உடல் அந்த இறக்கத்தைத்தான் மறந்துவிட்டது.

மனிதர் காட்டும் உணர்வைக் குதிரை கவனிக்கிறது என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டபோது குதிரைகள் இடக் கண்ணால் பார்க்க முற்பட்டன. இதயத் துடிப்பும் விரைவாக உயர்ந்தது. 2016-இல் வெளியான முடிவு இது. ‘குதிரை மனத்தின் கண்ணாடி’ என்று சில பண்ணைகள் விளம்பரம் செய்வதற்கு இவ்வளவு போதாது என்பது வேறு விஷயம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ‘மேன் ஓ வார் திட்டம்’ இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட ஆய்வு. 1917-இல் பிறந்து, 21 பந்தயங்களில் 20-ஐ வென்ற குதிரையின் பெயர் அது. யுவல் நேரியாவும் புரூடன்ஸ் ஃபிஷரும் வழிநடத்திய இந்தத் திட்டத்தில் 63 முன்னாள் வீரர்கள் சிறு குழுக்களாகப் பங்கேற்றார்கள். வாரம் ஓர் அமர்வு, ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். முதல் நாள் குதிரையோடு அறிமுகம் மட்டும். அதன் காது எப்போது முன்னால் நிமிர்கிறது, எப்போது பின்னால் மடங்குகிறது என்று பார்ப்பதே வேலை. பிறகு பிரஷ்ஷால் உடம்பைத் தேய்த்துவிடுவது, கயிறு பிடித்து நடத்துவது, கடைசியில் கயிறே இல்லாமல் கூட வரச் செய்வது. அதட்டினால் குதிரை விலகும், தயங்கினால் நின்றுவிடும். அரை டன் எடையுள்ள விலங்கை இழுத்துக்கொண்டு போக முடியாது. தோள் இறுகி, மூச்சு மேலோட்டமாக இருப்பதை நிபுணர் சுட்டிக்காட்ட, வீரர் அதைத் தளர்த்திவிட்டு மறுபடி முயல்கிறார்.

2021-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை முடிந்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கோளாறின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்ததில், மகிழ்ச்சியையும் வெகுமதியையும் தேடும் செயலோடு தொடர்புடைய காடேட் பகுதியின் இணைப்புகள் வலுப்பட்டிருந்தன. எண்களை விடவும் கவனிக்க வேண்டியது, பாதியில் விலகியவர்கள் மிகச் சிலரே என்பது. அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் பேச்சு சிகிச்சைகள் பலனளிப்பவை. ஆனால் வீரர்களில் கணிசமானோர் அவற்றை முடிக்காமலே போய்விடுகிறார்கள். லாயத்தில் அந்த நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சேற்றில் நின்ற குளம்பைத் தூக்கித் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. குணம் குதிரையால் வந்ததா, சக வீரர்களின் கூட்டால் வந்ததா, வாரம் ஒருமுறை திறந்த வெளிக்குப் போனதால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. மிசௌரியில் 29 வீரர்களை வைத்து, 2018-இல் வெளியான குதிரையேற்ற ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களின் குழு ஒன்று இருந்தது. ஆறு வாரத்தில் அறிகுறிகள் குறைந்தன என்றாலும் 29 பேர் சிறிய எண்ணிக்கைதான். 2014-இல் இந்தத் துறையின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உளவியலாளர்கள், அவற்றில் ஒன்றுகூட முறையியல் குறைகள் இல்லாததாக இல்லை என்று கடுமையாக எழுதினார்கள். முதல்நிலை மீட்புப் பணியாளர்களைப் பற்றிய சான்று இதைவிட மெலிது. ஒரு போரின் நினைவோடு வீடு திரும்பியவருக்கும், இன்றிரவே அடுத்த விபத்துக்கு ஓட வேண்டிய ஆம்புலன்ஸ் பணியாளருக்கும் ஒரே எட்டு வாரம் பொருந்துமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

குதிரையின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. இதற்கு வரும் குதிரைகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை பல; அவற்றுக்கும் பழைய பதற்றங்கள் இருக்கலாம். வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பதும், காதை மடித்துக்கொண்டு முகம் திருப்புவதும் போதும் என்பதற்கான அடையாளங்கள். பொறுப்பான பண்ணைகளில் அப்படிப்பட்ட குதிரையின் தலைக்கயிற்றைக் கழற்றி, அன்றைக்கு மேய்ச்சலுக்கு விட்டுவிடுவார்கள்.