இடியன் துவக்கும் வயற்காவலும்

மன்னார் - பூநகரி வீதியில் விடத்தல்தீவை அண்மித்துள்ள பாப்பாமோட்டை போன்ற கிராமங்களில், நெற்கதிர் முற்றும் காலம் விவசாயிக்கு உறக்கமற்ற காலமாகும். ஒரே இரவில் பன்றிக்கூட்டம் புகுந்தால் ஒரு போக உழைப்பும் சேற்றோடு போய்விடும். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2008 இல் இடம்பெயர்ந்த தமிழர்களும் இப்பிரதேசத்துக்கு மீண்டபோது, கைவிடப்பட்ட வயல்கள் பல பற்றைக்காடாகியிருந்தன. பன்றிகளுக்கு அதுவே புகலிடமாயிற்று.

இந்நிலையில் விவசாயியின் பழைய துணை இடியன் துவக்கு. பெயருக்கேற்ப இதில் மருந்தை இடித்தே நிரப்பவேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்தை வாய்வழியே குழலில் இட்டு, தக்கை வைத்துக் கோலால் இடித்து, ஈயச் சன்னங்களைப் போட்டு மீண்டும் அடைப்பர். குதிரை விழுந்து கேப்பைத் தட்டியதும் மருந்து பற்றும். ஒரு வெடி தவறினால் மறுவெடிக்கு நேரமில்லை. எனவே நெருங்கிச் சென்று, பொறுத்திருந்து, இலக்கைத் தெளிவாகக் கண்ட பின்னரே சுடவேண்டும். இக்கட்டாயமே அதன் பாதுகாப்புமாகும்.

கட்டுத்துவக்கு இதற்கு நேர்மாறானது. குழலை மிருகங்களின் தடத்தில் கட்டி, விசையைக் கயிற்றுடன் இணைத்துவிட்டு மனிதன் வீடு திரும்பிவிடுகிறான். கயிற்றில் தடக்குவது பன்றியா, யானையா, விறகுக்குச் சென்ற பெண்ணா என்பதை அது அறியாது. காயம் பெரும்பாலும் காலிலேயே படுகிறது; உயிர் தப்பினாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு முடங்கிவிடுகிறது.

சட்டத்தின் நிலை என்ன? 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்குக்கு அனுமதிப்பத்திரம் அவசியம்; ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். 1937 ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது. காட்டுப்பன்றிக்கு அப்பாதுகாப்பு இல்லை. எனினும் சரணாலயங்களிலும், 2016 இல் பிரகடனப்படுத்தப்பட்ட விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலும் எவ்வேட்டைக்கும் இடமில்லை.

இங்கே ஒரு விடயம் கவனத்துக்குரியது. மார்க்கம் ஆகுமாக்கிய மானைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் காக்காத பன்றியை மார்க்கம் விலக்கியுள்ளது. ஆகவே முஸ்லிம் விவசாயிக்குத் துவக்கு வயற்காவலுக்கு மாத்திரமே பயன்படக்கூடியது, இறைச்சிக்கு அன்று. ஏனைய விவசாயிகளும் இந்த வேறுபாட்டை உணர்வது நல்லது. காவல் என்று தொடங்கியது இறைச்சி வியாபாரமாக மாறும்போதுதான், வயலோரத்தில் நின்ற துவக்கு காட்டுத்தடத்தில் கட்டுத்துவக்காகிறது.

கட்டுத்துவக்கை ஒழிக்கத் தண்டனை மட்டும் போதாது. உண்மையான விவசாயிக்கு அனுமதிப்பத்திரம் தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். கமக்காரர் அமைப்புகள் முறைவைத்து இரவுக்காவல் செய்யவும், வயலோரப் பற்றைகளை அகற்றவும் முன்வரவேண்டும். காவலுக்கு மனிதன் நிற்கும் வயலில், கண்ணில்லாத துவக்குக்குத் தேவை இராது.