கவை முதல் இணுக்கு வரை: இலையுதிர் குறுமரத்தின் கிளைகள் உருவாகும் விதம்

போன்சாய் எனப்படும் குறுமரத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை வயசு?" என்பதுதான். அடுத்தது, "என்ன விலை போகும்?" வெலிங்டன் தீவில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்வராந்தாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லி வருகிறேன். ஆனால் மரத்தின் தரத்தை அறிய இவை உதவா. இலை முழுவதும் உதிர்ந்த நாளில் அது எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இலை இருக்கும்போது எந்த மரமும் பச்சைப் பசேலென்று அழகாகத்தான் தெரியும். இலை போனபின் கிளைகள் மட்டும் மிஞ்சும். வளர்த்தவர் அவசரப்பட்டாரா, பொறுத்திருந்தாரா என்பதைக் கிளைகள் ஒளிக்காமல் காட்டிவிடும்.

குறுமரம் பற்றிப் பொதுவாக எழுதப் புகுந்தால் இந்த மலர் முழுவதும் போதாது. ஆகவே இலையுதிர் மரத்தில் கிளைகளை எப்படி உருவாக்குவது, பிறகு எப்படி நுணுக்கமாக்குவது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன்.

ஏழு சொற்கள்

தேவநேயப் பாவாணர் (1902–1981) தமிழின் சொல்வளத்தைப் பற்றி எழுதியபோது, கிளைப் பிரிவுகளுக்குத் தமிழில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டினார். அடிமரத்திலிருந்து பிரியும் பெரிய கிளை கவை. கவை பிரிந்தால் கொம்பு அல்லது கொப்பு. அதன் பிரிவு கிளை. அடுத்தடுத்து சினை, போத்து, குச்சு, கடைசியில் இணுக்கு. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். மொழிப் பெருமைக்குச் சொல்லப்படும் இந்தப் பட்டியல், குறுமரம் வளர்ப்பவனுக்கு அப்படியே ஒரு வேலைத் திட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்று இரண்டாகப் பிரிந்தால் ஒரு கவை 2 கொம்பு, 4 கிளை, 8 சினை, 16 போத்து, 32 குச்சு, 64 இணுக்கு ஆகிறது. ஓரடி உயர மரத்தில் ஏழு படியும் வருவது அரிது. நாலைந்து படி வந்தாலே பெரிய மரத்தின் தோற்றம் கிடைத்துவிடும். ஆனால் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. கவை பருக்கும் முன் இணுக்குக்கு ஆசைப்பட்டால், ஒல்லிக் குச்சியில் துடைப்பம் கட்டியது போல் இருக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு மாலை ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானம் பக்கம் போய், அங்கே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் நின்று மேலே பார்க்கலாம். கவைகள் சில. கீழே அவை நீளமாக ஓடுகின்றன. மேலே போகப் போக ஒவ்வொரு பிரிவும் முந்தையதைவிடக் குட்டை, முந்தையதைவிட மெலிவு. குறுமரத்திலும் நாம் செய்ய வேண்டியது இதே விகிதத்தைத்தான்.

நமக்கேற்ற மரம்

ஜப்பானிய நூல்களில் இலையுதிர் மரம் என்றால் மேப்பிள், எல்ம் என்று வரும். கொச்சியின் புழுக்கத்தில் அவை பெரும்பாலும் தேறா. நமக்குக் கோடையை ஒட்டி இலை உதிர்க்கும் மரங்கள் உண்டு. அரசு, கொன்றை, ஒதியம், கல்யாண முருங்கை முதலியவை அந்த வகை. என்னிடம் இருப்பது அரசு, மலையாளத்தில் அரயால்.

துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய சேற்றைக் கொட்டி உருவாக்கிய தீவு இது. 1920இல் கொச்சி வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் பணி. இங்கும் எதிரே மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய கிடங்குகளின் சுவர்களில் பறவை எச்சத்தால் அரசங்கன்று முளைப்பது சாதாரணம். 2003இல் மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்குச் சுவரிலிருந்து, உரிமையாளர் சம்மதத்துடன், பென்சில் பருமனில் நான் எடுத்த கன்றுதான் இன்று ஓரடி நாலங்குல மரமாக இருக்கிறது. சுவரில் பிழைத்த கன்றுக்கு வேர் அடக்கமாக இருக்கும். தொட்டி வாழ்வுக்கு அது பாதி பழகிவிட்டது என்றே சொல்லலாம்.

நுனியின் ஆட்சி

கிளை வேலை முழுவதும் இரண்டு இயற்கை விதிகளில் அடங்கும்.

முதலாவது: கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை கீழே கணுக்களில் உள்ள பக்கமொட்டுகள் தூங்கிக் கிடக்கும். 1930களிலேயே ஆய்வாளர்கள் சோதனையில் காட்டிய உண்மை இது. நுனியைக் கிள்ளினால் தடை விலகி, பக்கமொட்டுகள் விழித்துக்கொள்ளும். துளசியைக் கிள்ளக் கிள்ளப் புதராவது இதனால்தான்.

இரண்டாவது: ஒரு கிளை பருப்பது அதற்கு அப்பால் உள்ள இலைகளைப் பொறுத்தது. இலை செய்யும் உணவு கீழே இறங்கும் வழியில் கிளை பருமன் அடைகிறது. எனவே நீளமாக ஓட விட்ட கிளை பருக்கும். அடிக்கடி கிள்ளிய கிளை மெல்லியதாகவே நிற்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பருமன் வேண்டுமென்றால் விட வேண்டும். பிரிவு வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். ஒரே கிளையில் இரண்டையும் ஒரே காலத்தில் கேட்க முடியாது. இதை மறந்து, கன்று வாங்கிய வாரமே ஆழமில்லாத தட்டில் வைத்து நாள்தோறும் கிள்ளுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்தும் அது தட்டில் வைத்த கன்றாகத்தான் இருக்கும்.

கவை: விட்டுப் பிடித்தல்

முதல் வேலை தேர்வு. மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் முதல் கவை. அதற்கு மேல் எதிர்ப்பக்கம் ஒன்று. பின்புறம் ஒன்று, ஆழம் தெரிவதற்காக. நேருக்கு நேர் எதிராக இரண்டு வந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நான்கு புறப்பட்டால் அந்த இடம் நாளடைவில் முண்டு கட்டிவிடும். செங்குத்தாக மேலே போவதும், நேர் கீழே தொங்குவதும், அடிமரத்தைக் குறுக்கே தாண்டுவதும் வேண்டாம்.

தேர்ந்த கவையை இளசாக இருக்கும்போதே திசை திருப்பி விடணும். அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, சைக்கிள் டியூப் துண்டை மெத்தையாக வைத்துக் கயிற்றால் கீழே இழுத்துக் கட்டுவது. இலையுதிர் மரங்களின் இளம்பட்டை மெல்லியது. நம் மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் கம்பி பட்டையைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்து, இறுகினால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். சுற்றைப் பிரித்து எடுக்கப் போனால் கிளை ஒடியும்.

அதன்பின் பொறுமைதான். ஆழமான தொட்டி, தாராளமான எரு, நல்ல வெயில். கவை இரண்டடி மூன்றடி ஓடட்டும், அசிங்கமாகத்தான் இருக்கும். அதன் அடி, அடிமரத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்வரை கத்தரி வேண்டாம். என் மரத்தில் கீழ்க்கவைக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. மேல்கவைகளுக்கு அவ்வளவு காலம் தரக்கூடாது. மரம் இயல்பாக மேலே வலுவைக் கொட்டும். மேலே பருத்துக் கீழே மெலிந்தால் தோற்றம் கெட்டுவிடும்.

கொம்பும் கிளையும்: வெட்டி வளர்த்தல்

ஃபோர்ட் கொச்சிக் கரையின் வலைகளை நாம் சீன வலை என்கிறோம். குறுமரக் கலையின் தாயகமும் சீனாதான். கி.பி. 706ஐச் சேர்ந்த ஜாங்ஹுவாய் இளவரசர் கல்லறைச் சுவரோவியத்திலேயே, சிறு மரமும் கல்லும் வைத்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளர் உருவம் இருக்கிறது. அந்நாட்டின் தென்பகுதியில், குவாங்டொங் வட்டாரத்தில், லிங்னான் மரபு என்று ஒன்று 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. கம்பியை அதிகம் நம்பாமல் கிளையை ஓட விட்டு, குட்டையாக வெட்டி, புதுத்துளிரை ஓட விட்டு, மறுபடி வெட்டுவது அவர்கள் முறை. வெப்பமும் மழையும் உள்ள நம் ஊருக்கு ஜப்பானிய முறையைவிட இது எளிதில் பொருந்துகிறது.

செய்முறை இதுதான். பருத்த கவையை, அடியிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டவும். இரண்டு மூன்று துளிர்கள் வரும். ஒன்று தொடர்ந்து முன்னே போக, ஒன்று பக்கவாட்டில் பிரிய, மற்றதைக் கிள்ளிவிடவும். எந்தத் திசைக்குக் கிளை வேண்டுமோ அந்தத் திசை பார்க்கும் மொட்டுக்கு மேல் வெட்டுவதுதான் சூட்சுமம். இந்த இரண்டும் கொம்பு. அவை கவையின் பாதிப் பருமனுக்கு வந்ததும் மறுபடி இரண்டு கணு விட்டு வெட்டு, அது கிளை. வெட்டுக்கு வெட்டு நீளம் குறைய வேண்டும். ஒவ்வொரு வெட்டும் சிறு வளைவு கொடுப்பதால், கம்பியால் வராத முதிர்ச்சி தானாக வரும்.

அரசுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மொட்டை ஒட்டி வெட்டினால், வெட்டுவாய் காய்ந்து அந்த மொட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டி, துளிர் உறுதியானபின் காய்ந்த முனையைச் சீவலாம். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பெரிய வெட்டுகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை தடவினால் பூஞ்சை அண்டாது.

போத்து, குச்சு, இணுக்கு: நுணுக்கம்

மூன்று படி கிடைத்தபின் வேலையின் போக்கே மாறுகிறது. இதுவரை ஊட்டி வளர்த்தோம். இனி அடக்கி வளர்க்க வேண்டும். இப்போதுதான் ஆழம் குறைந்த தட்டு. எருவைக் குறைக்க வேண்டும். புதுத்துளிர் நாலைந்து இலை விட்டதும் இரண்டு இலைக்குக் கிள்ள வேண்டும். கணுவிடை நீண்டுவிட்டால் அந்தக் குச்சு பயன்படாது, நடுவில் மொட்டே இருக்காது.

நல்ல வலுவான மரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இலைகளை முழுவதும் கத்தரிக்கலாம். காம்பை விட்டு இலையை மட்டும் வெட்டணும். காம்பு தானாக உதிரும்போது அதன் கக்கத்து மொட்டு துளிர்க்கும். வரும் இலை சிறியது, பிரிவும் கூடும். உள்ளங்கை அகல அரசிலை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சிறுத்துவிடுகிறது. நோய்ப்பட்ட மரத்திலோ, வேர் கத்தரித்த பருவத்திலோ இதைச் செய்யவே கூடாது.

உச்சியில் கடுமையாகக் கிள்ளி, கீழ்க்கிளைகளில் தாராளமாக விட வேண்டும். வெளிப்புறம் அடர்ந்து உள்ளே வெளிச்சம் போகாவிட்டால் உள்குச்சுகள் செத்துப்போகும். பத்தாண்டு உழைப்பு ஒரு மழைக்காலத்தில் வீண். லிங்னான் மரபினர் மரத்தைக் காட்சிக்கு வைக்கும்போது இலைகளை உரித்துவிட்டு வைப்பார்கள். கிளையைப் பாருங்கள் என்பதே அதன் பொருள்.

கொச்சியின் நாட்காட்டி

புத்தகத்தில் மார்ச் என்று போட்டிருந்தால் நமக்கும் மார்ச் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இங்கே பனிக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. தை, மாசியில் அரசு இலை பழுக்கும்போது பெரிய வெட்டுகள்; செந்துளிர் வருமுன் தொட்டி மாற்றி வேர் கத்தரிப்பு. தொட்டியில் தண்ணீர் தவறாமல் கிடைப்பதால் சில ஆண்டுகள் மரம் முழுதும் உதிர்க்காது. பழைய இலைகளைக் கையால் எடுத்துவிட்டுக் கிளைகளை ஆராயலாம். இடவப்பாதி மழையில் கம்பியும் பெரிய வெட்டும் வேண்டாம். ஆவணியில் இரண்டாம் வெட்டு, துலாவர்ஷத்துக்குள் ஆறிவிடும். ஆக ஆண்டுக்கு இரண்டு படி. குளிர்நாடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான் கிடைக்கும். கடற்காற்று பலமாக அடித்த நாளில் இலைகளை நல்ல தண்ணீரால் அலம்பிவிடுவது நல்லது.

பாவமா?

பக்கத்து பிளாக் மாமி ஒருநாள் கேட்டார்: "அரசைப் போய் வெட்டறேளே, பாவமில்லையா?"

"மாமி, சுவத்துலயே விட்டிருந்தா இது சுவரைப் பிளந்திருக்கும். அப்புறம் யாராவது ஆசிட் ஊத்திருப்பாங்க. இங்க வேளாவேளைக்குத் தண்ணி, எரு எல்லாம் கிடைக்குது."

மாமி முழுக்கச் சமாதானமாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் ஊருக்குப் போனால் தண்ணீர் விடுவது அவர்தான்.

பட்டினி போட்டுக் குறுக்குவதல்ல இந்தக் கலை. கவனித்தால் அரசு மிக நீண்ட காலம் வாழும். அனுராதபுரத்தில் நிற்கும் ஸ்ரீ மகாபோதி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை புத்தகயையிலிருந்து கடல் வழியே கொண்டுவந்த அரசங்கிளை என்பது மகாவம்ச மரபு. இன்றும் அதன் கிளைகளுக்குத் தாங்குகால் கொடுத்துப் பராமரிக்கிறார்கள். எத்தனை தலைமுறைக் கைகள் மாறியிருக்கும்!

அடுத்த கை

என் கவலையும் கைமாற்றம் பற்றியதே. அடுத்த ஆண்டு பணி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் இருப்பது வெளிநாட்டில். மண்ணோடு மரத்தை விமானத்தில் கொண்டுபோக முடியாது. மகனுக்குப் பெங்களூரில் வெயில் படாத ஃபிளாட். என் மரம் இப்போது போத்து வரை வந்திருக்கிறது. குச்சும் இணுக்கும் இனிமேல்தான். நடுவில் இரண்டு ஆண்டு கவனிப்பு விட்டுப்போனால் உச்சி மட்டும் ஓடி, கீழ்க்கவை காய்ந்துவிடும். போன கவையை ஒட்ட வைக்க முடியாது.

எதிர்வீட்டுப் பையன் பதினோராம் வகுப்பு. இரண்டு ஆண்டாக ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் கவை, கொம்பு, கிளை, சினை என்று ஏழையும் தடையில்லாமல் சொல்கிறான், சொல்லும்போது ஒவ்வொன்றையும் மரத்தில் தொட்டுக் காட்டுகிறான். இந்த மாசியில் உச்சி வெட்டுகளை அவனையே செய்யச் சொன்னேன். எந்தப் பக்க மொட்டு என்று அரைமணி நேரம் யோசித்தான். அந்த யோசனை இருந்தால் போதும்.

அவனுக்கு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருப்பதை நம் குடும்பங்களுக்கும் தருகிறேன். பருக்க வேண்டுமானால் விடு. பிரிய வேண்டுமானால் வெட்டு. வெட்டுமுன் மொட்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார். மேலே கடுமை, கீழே தாராளம். மழையில் கம்பி வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை இலையில்லாமல் பார். அடுத்த படி வரும்வரை இந்தப் படியிலேயே இரு.