ஒட்டுறவு எண்ணும் ஐப்பசி மழையும்

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவரும் 1901இன் மதுரைத் தமிழ்ச் சங்கமும்தான் நினைவுக்கு வரும். எனக்கு இங்கே மழைதான் விஷயம். 'எல் நினோ வந்தால் வறட்சி' என்று நம்மில் பலரும் துண்டறிக்கைகளில் எழுதிவிடுகிறோம். யாருடைய மழையை வைத்து?

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், தூரதேசங்களின் காற்றழுத்தத்தையும் இந்தியப் பருவமழையையும் பக்கம்பக்கமாக வைத்து, இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டார். இன்று எஸ்பிஎஸ்எஸ், ஆர் போன்ற மென்பொருளில் இரண்டு பட்டிகளைக் கொடுத்தால் போதும், −1க்கும் +1க்கும் இடையே ஓர் எண் வந்து விழும். கூடவே 'பி' மதிப்பு: உறவே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வலுவான எண் வருவதற்கான வாய்ப்பு. அது 0.05க்குக் கீழே இருந்தால் குதிக்கிறோம். உறவே இல்லாத இருபது ஜோடிகளைச் சோதித்தாலும் சராசரியாக ஒன்று இப்படித் தேறிவிடும். பலவற்றிலிருந்து பெரிய எண்ணை மட்டும் பொறுக்குவதன் அபாயத்தை வாக்கரே 1914இல் எச்சரித்திருக்கிறார்.

இன்னொன்று, அரசியல் சார்ந்தது. 'இந்திய மழை' என்ற பட்டியில் இருப்பது ஜூன்–செப்டம்பர் மழை. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கண்மாய்கள் நம்பியிருப்பதோ ஐப்பசி, கார்த்திகையை. அங்கே குறியே மாறிவிடுகிறது: எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடும் போக்குதான் உண்டு. 2015இல் தென்மேற்குப் பருவமழை நாடளவில் 14 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்கு கொட்டித் தீர்த்தது. மையத்தின் சராசரி கரிசல்காட்டை விழுங்கிவிடுகிறது.

சரி, குறியைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஆச்சா? 2016இல் பலவீனமான லா நினா. வடகிழக்கு 62 சதவீதம் குறைவு. 2021லும் லா நினாதான், மழையோ இயல்பைவிட மிக அதிகம். கெழுவைப் படிக்குமுன் புள்ளிகளை வரைபடத்தாளில் வைத்துப் பாருங்கள். இந்த இரண்டு ஆண்டுகளும் ஒரே பக்கத்தில், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நிற்கும்.