வெளிநாட்டில் விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்குமுன்

நம்மிடம் படித்துச் சென்ற மாணவர் ஒருவர் இன்று ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறார். அவருடைய தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர். இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டுக்குப் போய்ப் பழகிய மனிதர். தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியோசைதான் அவருக்குக் கடிகாரமாக இருந்தது. "அப்பாவின் கையில் ஒரு நல்ல சுவிஸ் கடிகாரம் கட்டிப் பார்க்க வேண்டும், ஐயா" என்று அந்தப் பிள்ளை நம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். தீபாவளிக்கு முந்திய வாரம் பேருந்தேறிச் சிங்கப்பூருக்குப் போய் 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு கடிகாரம் வாங்கினார். கையில் 5,460 வெள்ளிதான் இருந்தது. மீதி 540 வெள்ளியை நண்பரிடம் கைமாற்றாக வாங்கிக்கொண்டார். வரிப்பணம் 9 விழுக்காடு திரும்பக் கிடைக்கும், அதைக் கொண்டு மாலையிலேயே கடனை அடைத்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இது எப்படி நேர்ந்தது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது நம் பிள்ளைகள் பலர் வெளிநாடு போய் வருகிறார்கள். ஆசையாக ஒரு பொருள் வாங்கி வருகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

முதலில் வரியைப் பார்ப்போம். சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 1994ஆம் ஆண்டு 3 விழுக்காட்டில் தொடங்கியது. படிப்படியாக உயர்ந்து, 2024ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 9 விழுக்காடானது. சுற்றுப்பயணிகள் இந்த வரியைத் திரும்பப் பெற ஒரு திட்டம் இருப்பது உண்மை. கடையில் கடப்பிதழைக் காட்ட வேண்டும். வரியோடு சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்காவது வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்திற்குள் பொருளோடு நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். இவ்வளவும் நம் மாணவருக்குத் தெரிந்தே இருந்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: இந்தத் திட்டம் விமானத்தில் புறப்படுகிறவர்களுக்கும், பயணக் கப்பலில் செல்லும் ஒரு சாராருக்கும் மட்டுமே உரியது. உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ தரைவழியில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. ஜொகூர் பாலத்தைக் கடந்து போய் வருகிற நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? கடைக்காரர் "வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்று சொன்னாரே தவிர, "தம்பி, நீங்கள் எதில் ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆனால், பொருளை விற்க நிற்பவரிடம் அதை எதிர்பார்த்து நாம் இருந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்று வேலை செய்கிற மலேசியர்களும் இந்தத் திட்டத்தில் சேரமாட்டார்கள். அவர்கள் விமானத்திலேயே போனாலும் இதே நிலைதான்.

நம் மாணவர் கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. பள்ளி ஆசிரியர் என்ற முறையில் அதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. 6,000 வெள்ளியில் 9 விழுக்காடு 540 என்று அவர் கணக்கிட்டார். அந்த 6,000 என்பது வரி சேர்ந்த விலை. பொருளின் அடக்கவிலை 100 என்றால் வரியோடு 109 ஆகிறது. ஆகவே 6,000ஐ 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்க வேண்டும். விடை 495 வெள்ளி 41 காசு. அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். விமானத்திலேயே போயிருந்தாலும் நண்பரின் 540 வெள்ளி அடைபட்டிருக்காது.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கடிகாரத்தைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அந்தப் பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுத்துவிட்டுப் பிறகு வரிப்பணம் கேட்டால் தொல்லைதான். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. கைக்கடிகாரம் போன்ற சிறு பொருளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற நாடுகளின் வழக்கம் வேறு. ஹாங்காங்கில் இத்தகைய விற்பனை வரியே இல்லை. ஆகவே திரும்பக் கேட்கவும் ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்தில் வரி 2024 முதல் 8.1 விழுக்காடு, ஒரே கடையில் குறைந்தது 300 பிராங்குக்கு வாங்கினால்தான் திரும்பப் பெற முடியும். பிரிட்டனிலோ 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு, கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தரும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். லண்டனுக்குப் போய்வந்த உறவினர் பழைய அனுபவத்தை வைத்துச் சொல்வதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, பணம் செலுத்தும் இடம். வங்கி அட்டையை நீட்டியதும், "மலேசிய வெள்ளியில் கணக்கிடவா, இந்நாட்டு வெள்ளியில் கணக்கிடவா?" என்று கேட்பார்கள். நம் நாட்டு வெள்ளி நமக்குப் பழக்கமானது என்பதால் பலரும் அதையே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் நாணய மாற்று விகிதத்தை அந்தக் கடையின் இயந்திரம் முடிவு செய்யும். அது பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே இருக்கும். எந்த நாட்டில் வாங்குகிறோமோ அந்த நாட்டு நாணயத்திலேயே செலுத்துவது நல்லது.

திரும்பி வரும்போது நம் நாட்டுச் சுங்கச் சாவடி இருக்கிறது. பயணிகள் வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய பொருளின் மதிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேற்பட்டதை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். எல்லையும் வரியும் அவ்வப்போது மாறுபவை. பயணத்துக்கு முன்பே சுங்கத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், வரி உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு என்பது கடைக்குள் நுழையுமுன்பே நம் கணக்கில் இருக்கும். "பெட்டியையும் ரசீதையும் வீசிவிட்டுக் கையில் கட்டிக்கொண்டு வந்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது" என்று அறிவுரை சொல்கிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது. அதோடு, ரசீதை வீசியவர் பின்னால் கடிகாரம் பழுதானால் எதைக் காட்டுவார்?

அங்கேதான் உத்தரவாத அட்டை வருகிறது. பெயர்பெற்ற சுவிஸ் கடிகாரங்களுக்கு அதைச் செய்த நிறுவனமே சில ஆண்டுகளுக்கு உத்தரவாதம் தருகிறது; ஐந்து ஆண்டு தருபவையும் உண்டு. சிங்கப்பூரில் வாங்கியதைக் கோலாலம்பூரில் பழுதுபார்க்கலாம். ஆனால் அது நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். வாங்கிய தேதி, விற்றவரின் அடையாளம், கடிகாரத்தின் வரிசை எண் மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். அட்டையில் உள்ள எண்ணும் கடிகாரத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். அங்கீகாரம் இல்லாத கடைகளிலும் அசல் கடிகாரம் கிடைக்கும், விலையும் சில வேளை குறைவாக இருக்கும். அங்கே பெரும்பாலும் கடைக்காரரின் சொந்த உத்தரவாதம்தான். கடல் கடந்து வந்தபின் அதனால் என்ன பயன் என்று யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

போலிகளைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: இத்தாலியில் போலிப் பொருளை விற்றவருக்கு மட்டுமல்லாமல் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு.

இனி, கடிகாரம் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறோம். தீபாவளியன்று தந்தை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். தோட்டமே பார்த்தது. மறுநாள் பத்திரமாகப் பெட்டியில் வைத்து அலமாரியில் பூட்டினார். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் கடிகாரம் நின்று கிடக்கிறது! "ஆறாயிரம் வெள்ளியைக் கொட்டி ஏமாந்து வந்திருக்கிறான்" என்று பெரியவர் உடைந்துபோனார். மகனிடம் சொல்ல மனம் இல்லாமல், ஒரு துணியில் சுற்றி நம்மிடம் கொண்டு வந்தார்.

கடிகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அது மின்கலம் இல்லாத கடிகாரம். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. நம் கை அசையும்போது உள்ளே ஒரு தகடு சுழன்று அந்தச் சுருளை முறுக்குகிறது. முறுக்கு அவிழ அவிழப் பற்சக்கரங்கள் ஓடுகின்றன. முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிறு சக்கரம் அந்த ஓட்டத்தைத் துளித்துளியாக அளந்து விடுகிறது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் அது நொடிக்கு எட்டு முறை தட்டுகிறது. இத்தகைய கடிகாரங்கள் பல, கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் நின்றுவிடும். மீண்டும் சாவி கொடுத்தால் ஓடும். நாம் சாவியைச் சில சுற்றுச் சுற்றிக் கொடுத்ததும் நொடிமுள் நகர்ந்தது. பெரியவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நாம் மறக்கவில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு விலை கொடுத்ததற்கு நேரம் சரியாகக் காட்டுமா, வாத்தியார் ஐயா?"

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அவர் முன்பு கட்டியிருந்த மின்கலக் கடிகாரம் 60 வெள்ளிதான். நேரம் காட்டுவதில் அதுவே மேல். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் என்னும் படிகம் மின்னோட்டத்தால் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது மாதத்திற்குச் சுமார் 15 நொடி பிசகலாம். சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றிதழ் பெறும் சாவிக் கடிகாரமோ, ஒரே நாளில் 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. நாளுக்கு 6 நொடி என்றால் மாதத்தில் மூன்று நிமிடம்! 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 450,000 யென். ஒரு சிறிய காரின் விலை. பின்னர் விலை மளமளவென்று இறங்கியது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970இல் சுமார் 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டதை அறிந்த நமக்கு, அந்த மலைநாட்டுத் தொழிலாளிகள் பட்டபாடு புரியாமல் போகாது. எஞ்சிய நிறுவனங்கள் கைத்திறனையும் பெயரையும் முன்வைத்துப் பிழைத்துக்கொண்டன. இன்று நாம் பெருவிலை கொடுப்பது அந்த வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்தான். துல்லியமான நேரத்துக்கு அல்ல. இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர் ஏமாந்தவர் ஆகமாட்டார்.

பராமரிப்புச் செலவும் உண்டு. உள்ளே இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் கெடும். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டும். அந்தக் கூலியில் நல்ல மின்கலக் கடிகாரங்கள் பல வாங்கிவிடலாம். வாங்குகிற அன்றே, "பழுதுபார்க்க என்ன செலவாகும், எங்கே கொடுப்பது?" என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிகார முகப்பில் '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். கழற்றி எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பெரியவர் அதை வானொலிப் பெட்டியின் மேல்தான் வைத்து வந்தார்; ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறதே! உள்ளிருக்கும் மெல்லிய சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் தாறுமாறாக முந்தி ஓடும். இப்போது அதை மர அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறார். காலையில் சாவி கொடுப்பார். வானொலியில் செய்தி தொடங்கும்போது எட்ட நின்றே முள்ளைச் சரிபார்ப்பார்.

நண்பரின் 540 வெள்ளியை நம் மாணவர் நான்கு மாதத் தவணையில் அடைத்துவிட்டார். ரசீதும் உத்தரவாத அட்டையும் பெரியவரின் சேமநிதிப் பத்திரங்களோடு ஒரே உறையில் இருக்கின்றன. அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து மகளிடமும் ஒரு படி கொடுத்து வைத்திருக்கிறார்கள்.